ஒரிஜினல் பைப்

பழைய கார் வாங்க வருகிறவர்கள் முதலில் கதவைத்தான் திறந்து சாத்திப் பார்ப்பார்கள். அதில் தப்பு ஒன்றுமில்லை, கதவு சாத்தும் சத்தத்திலேயே ஒரு வண்டியின் யோக்கியதை பாதி தெரிந்துவிடும். பிறகு ஹாரனை அடிப்பார்கள், கண்ணாடியில் தலைமுடியைச் சரிசெய்துகொள்வார்கள், விலையைக் கேட்டதும் முகத்தைத் தொங்கப் போட்டுக்கொண்டு கிளம்பிவிடுவார்கள். என் இருபத்தாறு வருட அனுபவத்தில் குனிந்து வண்டிக்கு அடியில் பார்த்தவர் ஒரே ஒருவர்தான். நீங்கள் விசாரிக்கும் அந்த நர்ஸ்தான் அவர்.

முதலிலிருந்து சொல்கிறேன், இன்ஸ்பெக்டர். நடுவில் அவசரப்படுத்தினால் எனக்குக் கோர்வையாக வராது.

அந்த வண்டி இங்கிலாந்தில் செய்தது. இரண்டே கதவு, உருண்டைக் கூரை, நாலு பேர் ஏறினால் எட்டு முழங்கால்களும் ஒன்றோடொன்று உறவு கொண்டாடும். என்னைவிட ஒரு வயது மூத்தது. ஒரு கிடங்கின் பின்புறம் கோழிகள் குடித்தனம் நடத்திக்கொண்டிருந்த நிலையில் அதைக் கண்டெடுத்தேன். சரிசெய்ய இருபத்தேழு மாதம் பிடித்தது. துரு தின்ற தகரத்தை வெட்டிப் புதுத் தகரம் வைத்தேன், பட்டி பூசி மறைக்கிற வேலையெல்லாம் என்னிடம் கிடையாது. சீட்டுகளை என் மனைவி தைத்தாள். எங்கள் ஒர்க்‌ஷாப்பில் தையல் முழுக்க அவள் பொறுப்பு.

தகரத்தை மாற்றுவதைத் தவிர எனக்கு வேறு வழியில்லை. ஆனால் மற்றபடி ஃபாக்டரியில் எதைப் பொருத்தினார்களோ அதுதான் வண்டியில் இருக்க வேண்டும். ஒரு புது ஸ்க்ரூ போட்டால்கூட அன்றைக்கு எனக்குச் சாப்பாடு இறங்காது. கிறுக்கு என்பார்கள். சொல்லிவிட்டுப் போகட்டும்.

பின்சக்கரத்துக்கு ஓடும் பிரேக் பைப்பைக் கழற்றிப் பார்த்தபோது ஓரிடத்தில் துரு அரித்து மெலிந்திருந்தது. நகத்தால் சுரண்டினால் உதிர்ந்தது. அந்தக் காலத்து வண்டிகளில் பிரேக் ஆயிலுக்கு ஒரே வழிதான். எங்கே ஒழுகினாலும் நாலு சக்கரத்துக்கும் பிரேக் போய்விடும். மனைவியே கடைக்குப் போய்ப் புதுப் பைப் வாங்கி வந்தாள்.

"இதை மாத்திடுங்க. ஆள் ஏறப்போற வண்டி," என்றாள்.

"மாத்திடறேன்."

மாற்றவில்லை. புதியது செம்பு நிறத்தில் பளபளவென்று கல்யாணத்துக்கு வந்தது போல் இருந்தது. பழையதில் ஃபாக்டரியில் அடித்த சின்ன முத்திரை தெரிந்தது. அதைத் தேய்த்து, கறுப்புப் பெயிண்ட் அடித்து, அதே இடத்தில் பொருத்தினேன். மனைவி கேட்டபோது மாற்றியாயிற்று என்றேன். புதுப் பைப்பைப் பெயிண்ட் டப்பாக்களுக்குப் பின்னால் செருகி வைத்தேன். அதைத்தான் அவள் கண்டுபிடித்து உங்களிடம் கொண்டுவந்து கொடுத்திருக்கிறாள். அவள் மேல் எனக்குக் கோபமில்லை. அவளுக்குத் தையல் தெரியும், வண்டி தெரியாது.

நர்ஸ் ஒரு ஞாயிற்றுக்கிழமை வந்தார். கணவர் பஸ் டிரைவர். அவர் ஓட்டும் பஸ்ஸிலேயே எட்டு வருடமாக நின்றுகொண்டு வேலைக்குப் போய் அலுத்துவிட்டதாம். உட்கார்ந்து போக ஒரு வண்டி வேண்டும், புதியது வாங்க வசதி போதாது என்றார். கதவை, உள்ளே நோயாளி தூங்குவது போல அத்தனை மெதுவாகச் சாத்தினார். எனக்கு அவரை ரொம்பப் பிடித்துவிட்டது. அந்த நிமிடமே விலையைக் குறைத்தேன். பிறகுதான் அவர் குனிந்து அடியில் பார்த்தார்.

"பிரேக் எல்லாம் எப்படிங்கண்ணா?"

"பக்காவா இருக்கும்மா."

பக்கா என்றுதான் சொன்னேன். புதுசு என்று சொல்லவில்லை. இதை நீங்கள் தனியாக எழுதிக்கொள்ள வேண்டும்.

பதினோரு நாள் ஓட்டினார். பன்னிரண்டாம் நாள் பிற்பகல் மூன்றரை மணிக்கு போன் வந்தது. தண்ணீர்த் தொட்டி மேட்டில், இறக்கம் தொடங்கும் இடத்தில் வண்டியை நிறுத்தியிருந்தார்.

"அண்ணா, பெடல் ரொம்பக் கீழ போகுது. எதிர்லயே ஒரு மெக்கானிக் கடை இருக்கு. காட்டிடட்டுமா?"

அந்தக் கடைக்காரரை எனக்குத் தெரியும். பழைய வண்டி கிடைத்தால் வெட்டி, துளை போட்டு, புது வண்டியின் பிரேக்கை மாட்டுகிறவர். என் பைப்பைப் பிடுங்கிக் காயலான் கடைக்கு எறிந்திருப்பார்.

"போனைப் பெடல்கிட்ட வெச்சு ரெண்டு தடவை மிதிங்கம்மா. கேக்கறேன்."

மிதித்தார். இரண்டு தடவையும் பெடல் தரையில் டொக்கென்று இடித்தது. இருபத்தாறு வருடமாக அந்தச் சத்தத்தைக் கேட்டவன் நான். பைப் விட்டுவிட்டது, உள்ளே ஆயில் இல்லை, கால் பிரேக் என்று ஒன்று அந்த வண்டியில் இல்லவே இல்லை.

"பழைய வண்டின்னா அப்படித்தாம்மா," என்றேன். "நேரா இறங்கி நம்ம ஒர்க்‌ஷாப்புக்கு வந்துடுங்க. நான் பாத்துக்கறேன்."

"கை பிரேக்கைப் பிடிச்சுக்கிட்டே வரவா?"

"வேண்டாம்மா. பின்சக்கரத்து டிரம் கீறிடும்."

"சரிண்ணா. நீங்க சொன்னா சரி."

என் ஒர்க்‌ஷாப் இறக்கத்தின் அடியில் இருக்கிறது. போனை வைத்ததும் பழைய சீட் மெத்தைகளைத் தூக்கிவந்து வாசல் சுவரை ஒட்டி அடுக்கினேன். ஒன்பது மெத்தை. மனைவி எதற்கு என்று கேட்டாள், வெயிலில் காய வைக்கிறேன் என்றேன். வண்டி நிற்காமல் வரும் என்று உங்களுக்குத் தெரியுமா தெரியாதா என்று காலையிலிருந்து ஏழு தடவை கேட்டுவிட்டீர்கள். தெரியும். தெரியாதவன் மெத்தை அடுக்க மாட்டான். முன்பக்க பம்பர் ஒரிஜினல், அது நசுங்கக் கூடாது என்பதுதான் என் கவலை. அவரைப் பற்றி அப்போது யோசித்தேனா என்றால், இல்லை. பொய் சொல்லிப் பழக்கமில்லை எனக்கு.

வண்டி நான் நினைத்ததைவிட வேகமாக வந்தது. மெத்தைகளுக்கு முன்னால் நின்று, இந்தப் பக்கம் வாருங்கள் என்று இரண்டு கையாலும் சைகை காட்டினேன். அவர் என்னைப் பார்த்தார். நன்றாகவே பார்த்தார். பார்த்ததும் ஸ்டியரிங்கை எதிர்ப்பக்கம் ஒடித்தார். அந்தப் பக்கம் சிமெண்ட் கிடங்கின் சுவர். நான் ஓடிப்போவதற்குள் எல்லாம் முடிந்துவிட்டது.

பம்பர், ரேடியேட்டர் மூடி, இடது கதவு எதுவும் மிச்சமில்லை. இருபத்தேழு மாத உழைப்பு.

நான்தான் அவரைக் கொன்றேன் என்று எழுதிக்கொள்ளுங்கள், கையெழுத்துப் போடுகிறேன். நடுவில் நான் நின்றதால் என்னைக் காப்பாற்றத்தான் அவர் கிடங்குச் சுவர்ப்பக்கம் திருப்பினார் என்கிறீர்கள். இருக்கலாம். ஆனால் ஒன்று சொல்கிறேன், ஒரு நல்ல டிரைவர் அந்த நேரத்தில் வண்டியைத்தான் நினைத்திருப்பார்.