ஆபீசில் இல்லாத செல்வம்

காரைக்காலிலிருந்து பூவம் போகும் பஸ்ஸில், எனக்கு முன் இருக்கையில் இருவர். ஒருவர் குரும்பகரத்துப் பெரியவர். மற்றவர், அவருடைய அண்ணன் மகளுக்குப் பார்த்திருக்கும் வரன். சென்னையில் வெளிநாட்டுக்காரர்களின் கம்ப்யூட்டர் கோளாறுகளைப் போனிலேயே சரிசெய்பவர்.

"உங்க ஆபீசுக்கே போயி விசாரிச்சேன். செல்வம்னு யாருமே இல்லைங்கறாங்க, தம்பி."

"ஆபீசுல என் பேரு பீட்டருங்க."

"எப்ப கிறிஸ்தவ வேதத்துல சேந்தீங்க?"

"சேரலைங்க. செல்வம்னா அவங்க வாயில நுழையலைன்னு கம்பெனி வச்ச பேரு. கூட வேலை பாக்கறவங்களும் அப்படியே கூப்பிட்டுப் பழகிட்டாங்க."

"ஆபீசுல பேரே இல்லைன்னதும் அண்ணன் இந்த இடம் வேணாம்னுட்டாரு."

இளைஞர் கையிலிருந்த டிக்கெட்டை மடித்து மடித்துச் சின்னதாக்கினார்.

பெரியவர் செல்போனை எடுத்து, பெண் வீட்டுக்கு விஷயத்தைச் சொன்னார். பிறகு போனைக் கையால் பொத்திக்கொண்டு கேட்டார்.

"பொண்ணு ஒண்ணு கேக்குது. கம்ப்யூட்டர் சரியாவலைன்னா உங்களைத் திட்டுவாங்களாமே?"

"தினமும் திட்டுவாங்க."

"யாரைச் சொல்லித் திட்டுவாங்க?"

"பீட்டரைத்தாங்க."

பெரியவர் அதையும் போனில் சொன்னார். வெகுநேரம் கேட்டுக்கொண்டிருந்தார்.

"திட்டு வாங்குறவரு அங்கயே இருக்கட்டுமாம். செல்வம் மட்டும் வீட்டுக்கு வந்தா போதுமாம். அண்ணனும் சரின்னுட்டாரு."

இளைஞர் சரி என்று தலையாட்டினார்.

"வெள்ளிக்கிழமை வீட்டாரோட வந்து பூ வச்சிருங்க, மாப்ள."