ஈறு ஏமாறாது

மேடையில் வீற்றிருக்கும் கல்லூரி முதல்வர் அவர்களே, துறைத் தலைவர்களே, இடம் போதாமல் வாசல்வரை நிற்கும் மாணவச் செல்வங்களே, தாயை இழந்து முன்வரிசையில் அமர்ந்திருக்கும் அன்பு மகளே, கனத்த மனத்தோடு உங்களை வணங்குகிறேன்.

நம் சிவப்பு மேடம் போய்விட்டார். பல்நோய்த் தடுப்புத் துறைப் பேராசிரியர், ஓயாத உழைப்பாளி, பக்கத்து அறையில் பல் பிடுங்கிக்கொண்டிருந்த எனக்குத் தீராத தலைவலி. "நீங்க பிடுங்கிட்டே இருங்க சார். பிடுங்க ஆளே வராதபடி நான் பாத்துக்கறேன்" என்பார். இனி யாரோடு நான் மல்லுக்கட்டுவது?

அவருக்கு ஏன் அந்தப் பெயர்? வெளியிலிருந்து வந்தவர்களுக்காகச் சொல்கிறேன். முதலாமாண்டு மாணவர்களைப் பல்லில் ஒரு சிவப்பு மருந்தைத் தடவச் சொல்வார். அழுக்கு ஒட்டிய இடத்தில் சிவப்பு அப்படியே நிற்கும். முதலில் தன் வாயைத் திறந்து காட்டிவிட்டுத்தான் அவர்களிடம் கண்ணாடியைக் கொடுப்பார். வெள்ளைக் கோட்டும் சிவந்த வாயுமாக ஒருவரையொருவர் பார்த்துச் சிரிப்பார்கள். பிறகு கண்ணாடியைப் பார்ப்பார்கள். சிரிப்பு அடங்கிவிடும்.

நம் பிள்ளைகள் லேசுப்பட்டவர்களா? வகுப்பு வியாழக்கிழமை என்று தெரிந்ததும், அன்று காலை மட்டும் பல்லைத் தேய் தேய் என்று தேய்த்துக்கொண்டு வந்தார்கள். ஒருவர் வாயிலும் சிவப்பு இல்லை. "ஜெயிச்சிட்டீங்க மேடம்" என்றேன். அவரோ முனை மழுங்கிய கம்பியை எடுத்து ஒரு மாணவனின் ஈறோரம் மெதுவாக ஓட்டினார். ரத்தம். அடுத்தவள் வாயிலும் ரத்தம்.

"பல்லை ஒரே காலையில ஏமாத்திடலாம்பா. ஈறு ஏமாறாது. தினம் தேய்ச்சாதான் அதுக்குத் தெரியும். எப்படித் தேய்க்கணும்னு பரீட்சையில அழகா எழுதறீங்க. நோயாளிக்கும் சொல்லித் தர்றீங்க. உங்க வாய்க்கு யாரு சொல்றது?"

அவர் திட்டவில்லை. அதுதான் அவர்களைச் சுட்டது. அதன்பின் வகுப்பு எந்த நாள் என்பதை அவர் முன்கூட்டிச் சொன்னதே இல்லை. பாடம் கேட்டால் மதிப்பெண் ஏறும், பழக்கம் மாறாது. தன் வாயைத் தானே பார்த்தவன்தான் மாறுவான் என்று எங்களிடம் சொல்லிச் சொல்லி அலுத்தார். நாங்கள் காதில் வாங்கினோமா?

அந்த வகுப்பு அடுத்த ஆண்டு அட்டவணையில் இல்லை. தேர்வில் வராத பாடம் என்று பாடத்திட்டக் குழு எடுத்துவிட்டது. இந்தச் செய்தி மருத்துவமனைக் கட்டிலில் அவரை எட்டியது. புற்றுநோய்ச் சிகிச்சையால் வாயெல்லாம் புண். தண்ணீர் பட்டாலே எரியும். தினமும் ஈரத்துணியால் அவர் வாயைத் துடைத்துவிட ஒரு மாணவி வருவாள். ஒருநாள் நான் போனபோது அவளிடம், "நீ தேய்ச்சிட்டு வந்தியா?" என்று கேட்டார். அவள் தலை குனிந்தாள். "போ, முதல்ல உன் வாயைப் பாரு. அப்புறம் என்னோடதைப் பாக்கலாம்" என்று அனுப்பிவிட்டார். அவள் திரும்பி வரும்வரை அந்த எரிச்சலோடு காத்திருந்தார்.

அப்போது என் பக்கம் திரும்பிச் சொன்னார்: "நான் போனதும் எதுக்காவது என் பேரை வைக்கறேன்னு வருவாங்க சார். பேரெல்லாம் வேணாம். அந்த ஒரு மணி நேரத்தை வாங்கிக் குடுங்க."

முதல்வர் அவர்களே, புதிய அரங்குக்கு அவர் பெயர் என்று சற்றுமுன் அறிவித்தீர்கள். உங்கள் அன்பை நான் குறை சொல்லவில்லை. அரங்குக்கு வேறு பெயர் வைத்துக்கொள்ளுங்கள். அவருடைய மகள் வருகிற ஆண்டு இங்கே முதலாமாண்டில் சேர்கிறாள். அவள் தன் தாயின் பெயரைச் சுவரில் படிக்க வேண்டுமா, அல்லது தாயின் வகுப்பில் உட்கார வேண்டுமா?

வகுப்பை யார் எடுப்பது என்று கேட்பீர்கள். நான் எடுக்கிறேன். என் அறுவைச் சிகிச்சை நேரத்திலிருந்தே ஒரு மணியை வெட்டிக்கொள்ளுங்கள். இந்தச் சபையின் முன் வாக்குக் கொடுக்கிறேன். நீங்களும் உங்கள் வாக்கை இங்கேயே கொடுங்கள். அதுவரை இந்த மைக்கை விட்டு நான் நகர்வதாக இல்லை.