உபதேசியார் இனிமேல் சும்மாதான் வருவார்

மிக்கேல்துறைப் பங்கின் மூத்த உபதேசியாரும், மூச்சு முட்டிக் கிடந்தோர் தலைமாட்டில் முழந்தாளிட்டு முழந்தாள் இரண்டையும் முழுக்கத் தேய்த்துக்கொண்டவரும், கடற்கரை மணலையும் மலையோரச் சேற்றையும் செருப்புக் காணாத கால்களால் கடந்தவரும், மன்றாட்டு மாலையை மனப்பாடமாய்ச் சொல்லி மாண்டோரை மோட்ச வாசல் மட்டும் வழிகூட்டிவிட்டு, ஒவ்வொரு தடவையும் தாம் மட்டும் தனியே திரும்பி நடந்து வந்தவருமாகிய உயர்திரு ஏசுஅடிமை அவர்கள் சமூகத்துக்கு, நன்மரண உதவிச் சபையார் நாங்கள் 1937-ஆம் ஆண்டு சூசையப்பர் திருநாளுக்கு மறுநாள் கோயில் முற்றத்தில் கூடி வாசித்தளிக்கும் மடல்.

அயராத அண்ணலே! என்று தொடங்கத்தான் பேனாவை எடுத்தோம். அது பொய். நீர் அயர்ந்துவிட்டீர், ஐயா. நடையிலே தெரிகிறது, தொண்டையிலே தெரிகிறது, பூசைக்கு நடுவே தூணில் சாய்ந்து நீர் கண்மூடுவதை 'தியானம்' என்று பிள்ளைகளுக்குச் சொல்லிக்கொடுத்த எங்களுக்கு நன்றாகவே தெரிகிறது. ஆகையால், அயர்ந்த அண்ணலே! ஆறுதல் சொல்லியே ஆறுதல் அறியாது போன அன்பரே! அமரும்.

இன்னொன்று. முகத்துக்கு நேரே புகழ்ந்தால் நீர் துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு எழுந்து நடந்துவிடுவீர். அதனால் உம்மைப் பற்றி நீர் இல்லாத இடத்தில் இத்தனை காலம் எப்படிப் பேசினோமோ, அப்படியே, 'அவர்' என்று வைத்தே பேசப்போகிறோம். அதில் எங்களுக்குப் பழக்கம் அதிகம். வேறு யாரையோ பற்றிக் கேட்பதுபோலக் கேட்டுக்கொண்டிரும்.

பதினேழு ஆண்டுகளுக்கு முன்னே, 1920-இல், ஏசுஅடிமை என்பவர் கடலுக்குப் போகிற ஓர் ஆள்; அவ்வளவே. அவரும் அவர் கூட்டாளி மரியானும் ஒரே கட்டுமரத்தில் ஆளுக்கொரு துடுப்பு. கரையேறும்போது மரியானைத் திட்டுகிற அவர் குரல் கோயில் பீடம் வரை கேட்கும். அப்போதிருந்த பங்குச்சாமியாருக்கு நாலு ஊர்ப் பொறுப்பு. சாவு முன்கூட்டிச் சொல்லிவிட்டா வரும்? சாகக் கிடப்பவருக்கு அவஸ்தைப் பூசுதல் கொடுக்கச் சாமியார் வந்து சேரும் மட்டும், படுக்கையருகே இருந்து செபம் சொல்ல ஒருவர் வேண்டியிருந்தது. "அந்தத் தொண்டையைச் சர்வேசுரனுக்குக் கொடு, ஏசுஅடிமை. ஆறே மாதம்" என்றார் சாமியார். அவரும் துடுப்பை மரியானிடம் கொடுத்துவிட்டு வந்தார். அந்த ஆறு மாதம் இப்போதுதான் முடிந்தது.

சம்பளம் கிடையாது, சாப்பாடு கிடையாது. சாவு வீட்டில் அடுப்பு எரியாது என்பதால் ஒரு வாய்க் காப்பியும் கிடையாது. போதாததற்குச் சனிக்கிழமைதோறும் புதுக்கடை தாண்டி, அருமனைப் பக்கத்துக் குன்றோரத்தில் புதிதாய் ஞானஸ்நானம் பெற்ற குடும்பங்களுக்கு மந்திரம் சொல்லிக்கொடுக்க நடந்து போனார். ஒரு வாரம் பரலோக மந்திரம் படிப்பிப்பார். அடுத்த வாரம் போனால் அவர்கள் பாதியை மறந்து, மீதியில் சொந்தமாய்ச் சில வரி சேர்த்து வைத்திருப்பார்கள். "எங்க வேலையையும் நல்லா நடத்தித் தாரும்" என்றொரு வரி இன்றைக்கும் அங்கே மந்திரத்தின் நடுவில் இருக்கிறது. எடுக்கப் பார்த்து எடுக்கப் பார்த்து, முடியாமல் விட்டுவிட்டார். கேட்பவருக்கு அது விளங்காமலா போகும் என்று அவருக்குத் தோன்றியிருக்க வேண்டும்.

இவ்வளவும் தியாகம், சேவை, தொண்டு. ஆனால் இந்தத் தொண்டால் அவருக்கு நேர்ந்த ஒரு காரியத்தை எந்த மடலிலும் எவரும் எழுதமாட்டார்கள். நாங்கள் எழுதுகிறோம்.

அவரால் ஒரு வீட்டுக்கும் சும்மா போக முடியாமல் ஆனது.

எங்கள் சபையின் லீமா வீட்டு வாசலில் ஒருநாள் மழைக்கு ஒதுங்கினார். உள்ளே லீமாவின் மாமியார் சாதாரண சளிக்காய்ச்சலில் சுருண்டு கிடந்தாள். வாசலில் இவர் தலையைக் கண்டதும் கிழவி எழுந்து உட்கார்ந்தாள். "ஏட்டி லீமா! உபதேசியாரு வந்தாச்சு. எனக்க கம்மலைக் கழத்து. மூத்தவளுக்கு ஒண்ணு, இளையவளுக்கு ஒண்ணு. பெட்டியில உள்ள புடவை ஒனக்கு" என்றாள்.

"அம்மா, நான் மழைக்கு நின்னேன்" என்றார் அவர்.

"அப்பிடித்தான் பைய வந்து நிப்பீரு. எனக்குத் தெரியாதா? தொடங்கும்!"

தொடங்கவில்லை. நனைந்துகொண்டே போய்விட்டார். கிழவி மூன்றாம் நாள் எழுந்து மீன் வாங்கப் போனாள். கம்மலைத் திருப்பிக் கேட்டாள். மகள்கள் தரவில்லை. ஏழு மாதம் அந்த வீட்டில் ஒருவரோடொருவர் பேச்சில்லை. பழி உபதேசியார் தலையில்.

புதுக்கடை வைத்தியர் முத்துநாயகம், நம் வேதத்தைச் சேராதவர் ஆனாலும் நல்ல மனிதர், ஒருநாள் சந்தையில் வைத்துக் கையெடுத்துக் கும்பிட்டார். "ஓய், உமக்குக் கோடி புண்ணியம். நான் கஷாயம் குடுத்துக்கிட்டு இருக்கியப்போ அந்தத் தெரு வழியா வராதேயும். நாடி பிடிச்ச கையில உம்ம செருமல் கேட்டா நாடி படுத்துருது!"

சிரித்தோம். நாங்கள் எல்லோருமே சிரித்தோம். அவரும் சிரித்தார், அதன்பின் தெருவை விட்டுக் கடலோரமாய் நடக்கத் தொடங்கினார். உப்பு தீர்ந்தால் உப்பில்லாமல் சாப்பிட்டார். பக்கத்து வீட்டில் போய்க் கேட்கவில்லை. கலியாணப் பந்தியில் அவருக்கு அடுத்த இலை காலியாகவே கிடக்கும். வயதானவர்கள் எட்டியே உட்காருவார்கள். பரிமாறுகிறவனும் அந்த இலையைப் பார்த்துவிட்டு ஒன்றும் கேட்காமல் கடந்துபோவான்.

கொல்லம் ஆண்டுக் கணக்கில் தொண்ணூற்றொன்பதாம் ஆண்டு வெள்ளத்தில், அதாவது 1924-இல், காய்ச்சல் வந்து அவர் மனைவி பிரஞ்சீத்தம்மாள் கிடந்தபோது, செபம் சொல்ல வேறு ஆள் இல்லை. அவரே சொன்னார். ஒரு வார்த்தை தடுக்காமல், ஒரு சொட்டுக் கண்ணீர் இல்லாமல், கடைசி 'ஆமென்' வரை சொல்லி, அவள் கண்ணைத் தம் கையாலேயே மூடிவிட்டார். 'கல்லு மாதிரி இருக்காரே மனுஷன்' என்று ஊர் பேசியது. ஊர் என்றால் யார்? நாங்கள்தான். ஒன்றுக்குப் பத்தாய்ச் சொன்னோம். அவர் நிறுத்தியிருந்தால் அந்த அம்மாள் பாதிச் செபத்தில் போயிருப்பாள் என்பது எங்களுக்கு உறைக்கவே இல்லை. சபையில் சேர்ந்து, புத்தகத்தை எங்கள் கையில் பிடித்து, ஒரு படுக்கையருகே உட்கார்ந்த பிறகுதான் உறைத்தது. அந்தப் பேச்சுக்கு இன்று, எல்லோரும் கேட்க, மன்னிப்புக் கேட்கிறோம்.

இனி, இந்த மடலை எழுத வைத்த காரியத்துக்கு வருவோம்.

தபசு காலம் தொடங்கியபோது மரியானுக்குக் கால் இரண்டும் வீங்கின. நெய்யூர் ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோய்க் காட்டித் திரும்பக் கொண்டுவந்தார்கள். அங்கே என்ன சொன்னார்கள் என்பதை இங்கே சொல்லமாட்டோம்; கேட்கிற தூரத்தில் கேட்கிறவர் இருக்கிறார். திரும்பி வந்த இரண்டாம் நாள், ஏசுஅடிமை அவித்த மரச்சீனிக் கிழங்கை இலையில் பொதிந்துகொண்டு மரியான் வீட்டுக்குப் போனார். மரியானின் மனைவி ஞானசெல்வி வாசலை மறித்து நின்றாள்.

"அண்ணே, போங்கோ. இப்ப வேண்டாம்."

"நான் சும்மா வந்தேன், செல்வி. மரச்சீனி."

"நிங்க சும்மா வந்ததை இந்த ஊருல ஆரு கண்டிருக்கா?"

உள்ளேயிருந்து மரியான் சத்தம் போட்டார். "ஆருட்டீ அங்க? ஏசுஅடிமையா? நான் இன்னும் சாவல்லன்னு சொல்லு! செபப் புஸ்தகத்தையும் கொண்டு போகச் சொல்லு!"

கையில் புஸ்தகம் இல்லை. மரச்சீனிதான் இருந்தது. அதை அவர் வாசற்படியில் வைத்துவிட்டு வந்தார். அடுத்த வாரம் கொல்லைப்புறமாய்ப் போனார். நாய் குரைத்தது, ஞானசெல்வி அழத் தொடங்கினாள். அதற்கடுத்து, ஞாயிற்றுக்கிழமை, நல்ல வேட்டி கட்டி, வெற்றிலை போட்டுச் சிவந்த வாயோடு, கலியாண வீட்டுக்குப் போகிறவர்போலப் போனார். கதவு திறக்கவில்லை. ஒரே மரத்தில் கடலுக்குப் போனவன், கூப்பிட்டால் கேட்கிற தூரத்தில் மூச்சுக்குத் திணறிக்கொண்டு கிடக்கிறான். ஊரில் யார் வேண்டுமானாலும் போய்ப் பார்க்கலாம், இவர் மட்டும் போகக்கூடாது. இவர் போனால் அது நோய் விசாரிப்பு அல்ல, தீர்ப்பு.

மறுநாள் அவர் சாமியாரிடம் போய் ஓய்வு கேட்டார். முழந்தாள் வலி என்றார், தொண்டை போய்விட்டது என்றார், வயது அறுபத்திரண்டு என்றார். அத்தனையும் உண்மை. சாமியார் நம்பினார். பிறகு, எழுந்து வாசல் வரை வந்தவர், திரும்பி நின்று, "சாமி, ஒரு வீட்டுக்கு நான் சும்மா போகணும். நான் உபதேசியாரா இருக்கிற மட்டும் முடியாது" என்றாராம். இது எங்களுக்கு எப்படித் தெரியும் என்றால், லீமா அப்போது சாமியார் அறைக்கு வெளியே பெருக்கிக்கொண்டிருந்தாள். பெருக்கவேண்டிய இடம் அதுவல்ல என்பதை அவளே ஒப்புக்கொள்கிறாள்.

சென்ற செவ்வாய்க்கிழமை லீமாவும் சூசையும் மரியான் வீட்டுக்குப் போனார்கள். சூசை எங்கள் சபையின் புதிய உபதேசியார், செபம் வாசித்தால் சாகக் கிடப்பவரே எழுந்து திருத்தும்படியாக வாசிப்பார், போகப்போகச் சரியாகும். ஏசுஅடிமை விலகிக்கொண்டார் என்று சொன்னார்கள். மரியான் சுவரைப் பார்த்துப் படுத்திருந்தார்.

"வாயால சொன்னா ஆச்சா? நாளைக்கே ஒரு சாவு விழுந்தா நீங்க கூப்பிடுவிய, அவனும் ஓடுவான். அவனுக்கு மாட்டேன்னு சொல்லத் தெரியாது. எழுதணும். எல்லாரும் ஒப்பு வைக்கணும். கோயில் முற்றத்துல, எனக்குக் கேக்க வாசிக்கணும். பொறவு வரட்டு."

ஆகவே, இந்த மடல் எங்கள் பெருந்தன்மையால் பிறந்ததல்ல. மரியான் கேட்டு எழுதியது. கோயிலுக்கு மேற்கே மூன்றாம் வீட்டுச் சன்னல் திறந்திருப்பதையும், ஞானசெல்வி படுக்கையைச் சன்னலோரம் நகர்த்தியிருப்பதையும் கூடியிருப்போர் கண்டிருப்பீர்கள். சூசை இவ்வளவு உரக்க வாசிப்பதற்கும் அதுவே காரணம்.

இனி நேருக்கு நேராகவே பேசுகிறோம், ஐயா. எழுந்து போகவேண்டிய இடம் வந்துவிட்டது.

மிக்கேல்துறையிலும் அருமனைக் குன்றோரத்திலும் உள்ள சகலரும் அறியவும்: இன்று முதல் ஏசுஅடிமை என்பவர் எந்த வீட்டு வாசலில் வந்து நின்றாலும், அவர் உப்புக்கோ, மழைக்கோ, ஊர்க்கதைக்கோ வந்தவர். கம்மலைக் கழற்ற வேண்டாம். பாய் விரித்து, காப்பி கொடுக்கவும். படுக்கையருகே செய்யவேண்டிய வேலை இனி எவர் வீட்டிலானாலும், எந்த நாளிலானாலும், எங்களுடையது. உம்மைக் கூப்பிட்டு ஆள் அனுப்பமாட்டோம். எங்களில் யாராவது அனுப்பினால், வந்த ஆளைத் திருப்பி அனுப்பும்; மாட்டேன் என்று சொல்லிப் பழகும்.

நீடூழி வாழ்க என்று வாழ்த்தி உம்மேல் இன்னும் பாரம் ஏற்ற மனமில்லை. இருக்கிற மட்டும் இளைப்பாறி இரும். நன்றாய்த் தூங்கும். பந்தியில் உம் பக்கத்து இலையில் இனி நாங்கள் முறை வைத்து உட்காருவோம்.

கடைசியாக ஒன்று. செவ்வாய்க்கிழமை நாங்கள் எழுந்து வரும்போது மரியான் கூப்பிட்டு நிறுத்தினார். அவர் சொன்னதை ஒரு சொல்லும் கூட்டாமல் எழுதுகிறோம்; எங்களுக்கு அது எவ்வளவு கடினம் என்பது உமக்குத் தெரியும்.

"வந்தா, எனக்க காலைப் பத்தியும் மூச்சைப் பத்தியும் ஒண்ணும் கேக்கப்பிடாது. அவன் எப்பிடி இருக்கான்னு அவன் பறையட்டு. இத்தனை வருஷமா அந்த ஆளுகிட்ட அதை ஆரும் கேட்டதில்ல."

மாலை போட்டு ஊர்வலமாய்க் கொண்டுவிட ஏற்பாடு செய்திருந்தோம். வேண்டாம் என்று வைத்துவிட்டோம். தனியாகப் போம். போய் உட்கார்ந்து, களைப்பாக இருக்கிறது என்று சொல்லும்.

இங்ஙனம்,
உம்மைப் பற்றி இத்தனை காலம் பேசியவர்களும், உம்மிடம் ஒருநாளும் விசாரிக்காதவர்களுமான
சூசை, லீமா, மற்றும் நன்மரண உதவிச் சபையார்,
மிக்கேல்துறை.