தலை குனியாதவருக்கு ஒரு புடலைப்பந்தல்

பிள்ளைகளே, ஈப்போவிலிருந்து பாகான் செராய்க்கு ரயிலில் போகையில், எதிரே ரப்பர்த் தோட்டத்துப் பெண்கள் இருவர் பேசிக்கொண்டு வந்தார்கள்.

“எங்க வீட்டுக்காரர் இப்ப தினமும் எங்கண்ணனுக்குத் தலை குனியிறாரு, அக்கா” என்றாள் இளையவள்.

“கல்யாணத்துல மச்சானைக் கும்பிடமாட்டேன்னு முறுக்கிக்கிட்டு நின்னவரா?”

“அவரேதான். அவரு பால்மரம் வெட்டிப் பாலெடுக்கப் போன நேரமாப் பாத்து, அண்ணனும் அண்ணியும் வந்து கொல்லையில புடலைப்பந்தல் போட்டாங்க. கிணத்துக்கு அதுக்கடியிலதான் போகணும். இவரு நெட்டை, குனிஞ்சே ஆகணும்.”

“அண்ணனுக்கு அளவு தெரியலையா?”

“அளவு குடுத்ததே நான்தான். என் தலை இடிக்கலையே!”

“உசத்திக் கட்டச் சொல்லலையா அவரு?”

“சொன்னாரு. எங்கண்ணனைக் கூப்பிட்டு நீங்களே கேளுங்கன்னேன். அதுக்குக் குனிஞ்சே போயிடுறேன்னுட்டாரு.”