பதில் சொன்ன குரல்

விடியக்காலை நாலேமுக்கால். ஏழு மைல் பாலத்துல ஒரே ஒரு வண்டி. ரெண்டு பக்கமும் கடல்... கறுப்பா.

ஓட்டிட்டுப் போனது ரோவீனா பிண்டர். நம்ம படகுத்துறையில டீசல் போடுற பெர்சிவல் இருக்கான்ல, அவனோட அக்கா. பதினாலு வருஷமா வெளியூர்க்காரங்களைக் கடலுக்கு அடியில கூட்டிட்டுப் போய், பத்திரமா மேல கொண்டுவர்ற வேலை. வண்டிக்குப் பின்னாடி காத்து சிலிண்டருங்க மோதி டங்... டங்னு சத்தம். அன்னிக்கு அவளுக்கு மனசு ஒரு நிலையில இல்ல. ரெண்டு தடவை நிறுத்தி இறங்கி, கயிறு இறுக்கமா இருக்கான்னு பாத்தா. இறுக்கமாத்தான் இருந்துச்சு.

நான் சொல்லப்போறது ராத்திரியில நடக்கல, கேட்டுக்கோங்க. காலை ஒம்பது மணி. சுள்ளுனு வெயில். எனக்கு அதான் பொறுக்கல.

படகு அர்செனியோவோடது. கியூபாக்காரர், வாய்த்துடுக்கு ஜாஸ்தி. அன்னிக்கு டைவ் பண்ண வந்தவங்க அஞ்சு பேர். டாம்பாவுல இருந்து அண்ணன் தம்பி, புதுசாக் கல்யாணமான ஒரு ஜோடி, அப்புறம் ஹார்லன் வோஸ். கடலே இல்லாத, சோளம் விளையுற அயோவாவுல ஸ்கூல் பஸ் ஓட்டினவர். பொண்டாட்டி செத்துப்போனப்புறம், எழுபது வயசுல நீச்சல் குளத்துல டைவிங் கத்துக்கிட்டவர். கூட அவர் மக ட்ரூடி. அவளுக்குப் படகு ஆடினாலே குமட்டும், முகத்துல ஈரத் துண்டைப் போட்டுட்டு முன்பக்கம் படுத்துட்டா.

சோளக்காட்டுக்காரருக்குக் கடல்ல என்ன வேலைன்னு அர்செனியோ வம்புக்கு இழுத்தார். "இங்க வந்துதான் உன் காப்பியைக் குடிக்கணும்னு விதி"ன்னார் ஹார்லன். எல்லாரும் சிரிச்சாங்க.

போன இடம் கார்லோட்டா. உலகச் சண்டைக் காலத்துல ஹவானாவுல இருந்து சர்க்கரை ஏத்திட்டு வந்து, குண்டு பட்டு எரிஞ்சு முங்கின கப்பல். இருபத்துமூணு பேர், ஒருத்தரும் பிழைக்கல. எண்பதடி ஆழம். இப்ப அது மேல பூரா பவளம், விசிறி விசிறியா.

டைவ் நல்லபடியாத்தான் போச்சு. பவளப்பாறைப் பக்கம் எப்பவும் ஒரு சத்தம் கேக்கும், எண்ணெயில கடுகு வெடிக்கிற மாதிரி... சின்னச் சின்ன இறால் போடுற சத்தம். கப்பலோட பின்பக்கம் ஒரு ஓட்டை. அதுக்கிட்ட போனதும் அந்தச் சத்தம் நின்னுடுச்சு. சுத்தமா. ரோவீனாவுக்குப் பிடிக்கல. எல்லாரையும் மேல போகச் சொல்லிக் கை காட்டினா.

மேல ஏறுற கயித்தை ஹார்லன் பிடிச்சார், சரின்னு கை காட்டினார். அதே நேரம் தம்பிக்காரன் கால்ல தூண்டில் நரம்பு சுத்திக்கிச்சு. அவ அதை அறுத்து விட்டுட்டுத் திரும்பினா, கயித்துல ஆள் இல்ல. ஏறிட்டார்னு நினைச்சா.

படகுல அர்செனியோ ஒரு சட்டம் வச்சிருந்தார். டைவ் முடிஞ்சதும் பேர் கூப்பிடுவார். அவங்கவங்க வாயால பதில் சொல்லணும். தலையாட்டினா ஆகாது. நாலு பேர் சொன்னாங்க. கடைசியா...

"ஹார்லன் வோஸ்."

"இருக்கேன்."

எல்லாருக்கும் கேட்டுச்சு. அப்ப லேசா ஒரு வாசனை... சர்க்கரை அடிப்பிடிச்சுக் கருகின மாதிரி. யாரோ கேக்கை எரிச்சுட்டாங்கடான்னான் அண்ணன்காரன். படகு கிளம்பிடுச்சு.

ரோவீனாவுக்கு உக்கார முடியல. பெல்ட்டை அவுத்தா, மறுபடி மாட்டினா. சிலிண்டர் நிறுத்தி வைக்கிற ஸ்டாண்டைப் பாத்தா. திரும்பத் திரும்பப் பாத்தா. ஒரு குழி காலி.

"கேப்டன், திருப்புங்க. ஹார்லன் இல்ல."

"இப்பத்தானே பதில் சொன்னாரு?"

ட்ரூடி முகத்துத் துண்டை எடுத்தா. "என் அப்பா குரல் எனக்குத் தெரியாதா? எனக்குப் பக்கத்துலதான் கேட்டுச்சு"ன்னா. அப்படிச் சொல்லிட்டே பக்கத்துல திரும்பிப் பாத்தா. பலகைதான் இருந்துச்சு... ஒரு ஆள் உக்காந்து எழுந்த மாதிரி ஈரமா.

படகு திரும்பினதும் ரோவீனா புது சிலிண்டரை மாட்டிட்டுக் குதிச்சா. நேரா அந்த ஓட்டைக்குத்தான் போனா. ஹார்லன் அங்க மணல்ல மண்டி போட்டிருந்தார். காதை ஓட்டைப் பக்கம் சாச்சுக்கிட்டு... கதவுக்குப் பின்னாடி பேசுறதை ஒட்டுக் கேக்கிற மாதிரி. காத்துக்குழாய் வாயில இல்ல. தனியாத் தொங்கிக் குமிழி விட்டுட்டு இருந்துச்சு. கண்ணு திறந்திருந்துச்சு. முகத்துல பயமே இல்ல.

அவ குழாயை வாய்க்குள்ள திணிச்சுக் காத்தை அழுத்தி விட்டா. ரெண்டு தடவை ஒண்ணும் இல்ல. மூணாவது தடவை உடம்பு உதறிச்சு. இறுக்கிக் கட்டிப் பிடிச்சு மேல கொண்டுவந்தா.

ஆள் பிழைச்சுட்டார்.

சாயங்காலம் ரோவீனா ஆஸ்பத்திரிக்குப் போனா. ட்ரூடி வராந்தாவுல நின்னு யாருக்கோ போன் பண்ணிட்டு இருந்தா. ஹார்லன் இவளைப் பக்கத்துல உக்காரச் சொன்னார். தொண்டை கட்டிப் போயிருந்துச்சு.

கப்பலுக்குள்ள யாரோ ஒருத்தர் வரிசையாப் பேர் கூப்பிட்டுட்டே இருந்தாராம். நிதானமா, ஒவ்வொண்ணா. ஸ்பானிஷ் பேருங்க. ஒவ்வொருத்தரும் உள்ளேருந்து பதில் சொன்னாங்களாம். அதைக் கேட்டுத்தான் பாதிக் கயித்துல இருந்து திரும்பி இறங்கியிருக்கார். அப்புறம் இவர் பேரைக் கூப்பிட்டாங்களாம்.

"வாயில குழாயை வச்சுட்டு எப்படிப் பதில் சொல்றது? அதான் எடுத்துட்டேன்"ன்னார்.

ரோவீனா கையைப் பிசைஞ்சுட்டே இருந்தா. போகலாம்னு எழுந்தப்போ, அவர் மணிக்கட்டைப் பிடிச்சுக்கிட்டார்.

"எனக்கு அப்புறம் உன் பேரைக் கூப்பிட்டாங்கம்மா."

அவ நின்னா.

"உள்ளேருந்து பதில் வந்துச்சு. உன் குரல்தான்."