பாட்டில் இங்கே, கிளாஸ் அங்கே

— தொடாதீங்க தம்பி! செருப்பக் கழட்டிட்டுத் தள்ளி நின்னு பாருங்க. அது சாமி சொத்து.

— கழட்டிட்டேன் பேயாண்டிண்ணே. முனியாண்டி தலைக்கு மேல பீர் பாட்டில் லைட்டு போர்டு எரியிறத இப்பத்தான் பாக்குறேன்!

— பார் நடத்துன மொக்கையன், கடைய மூடிட்டு நேத்திக்கடனா மாட்டுனது. சாராயம் படைக்கிற சாமிக்கு பீர் ஆகாதாக்கும்? ஆமா, விளாங்குடியில இருந்து இதுக்காகவா வந்தீக?

— ஆறு வருசமாத் தேடுறேண்ணே. பழைய பீர் விளம்பர லைட்டுன்னா எனக்கு உசுரு. வீட்டுல பதினோரு போர்டு எரியுது. இதுக்கு ஜோடி கிளாசு எங்கிட்டத்தான் இருக்கு. பாட்டில்ல இருந்து மஞ்ச லைட்டு சொட்டுச் சொட்டா ஓடி, கிளாசுல நுரை பொங்கணும். ஒத்தக் கிளாசு காஞ்சு கெடக்குண்ணே!

— அம்புட்டுக் குடியா தம்பி?

— அந்தோணியார் மேல சத்தியமா ஒரு சொட்டு கெடையாது.

— கேட்டுக்கங்க! குடிக்காத மனுசன் வீட்டுல பதினோரு பீரு. எனக்கு வாச்சவரு ராத்திரியானா போர்டு இல்லாமயே எரியிறாரு!

— ஏய் செல்வி, சும்மா இரு. தம்பி, நேந்துவிட்டதப் பூசாரி நானா எடுத்துக் குடுக்க முடியாது. பூக்கட்டிப் பாப்போம். ஒரு பொட்டலத்துல வெள்ளப்பூ, ஒண்ணுல செவப்பு. வெள்ள வந்தா கழட்டிட்டுப் போங்க. செவப்பு வந்தா பேச்சே கெடையாது. ம்... எடுங்க.

— மாதாவே... அய்யோ, செவப்பு!

— சாமி சொல்லிருச்சு. வாங்க, காப்பி குடிச்சுட்டுப் போங்க.

— ரெண்டும் சேந்து எரியிறத ஒரே ஒரு தடவ பாத்துட்டாப் போதும்னு இருந்தேன் மதினி. மனசே விட்டுப்போச்சு.

— கண்ணத் தொடைங்க கொழுந்தனாரே. ஏங்க, அந்த இன்னொரு பொட்டலத்தையும் பிரிங்களேன்.

— அதப் பிரிக்கிற வழக்கமில்ல.

— எந்த ஊரு வழக்கம்? குடுங்க இங்க... அடப்பாவி மனுசா! இதுலயும் செவப்பு!

— முனியாண்டி, என்னய மன்னிச்சிருப்பா. தம்பி, எனக்குத்தான் மனசு வரல. பொழுது சாஞ்சு இத எரியவிட்டதும், திருமங்கலம் பஸ்ஸுல போற சனம் பூராம் எட்டி எட்டிப் பாக்கும். அதப் பாக்குறதுல எனக்கு ஒரு சந்தோசம்யா.

— அட, இத மொதல்லயே சொல்லக்கூடாதாண்ணே! சரி, ஞாயித்துக்கெழம சர்ச்சுல பூச முடிஞ்சு வாரேன்.

— மறுபடி பூக்கட்டவா?

— பூவெல்லாம் வேணாம். கிளாசக் கொண்டாரேன், ஏணிய எடுத்து வைங்க.