வடக்கு ஜன்னல் அறை

எனக்குப் பசி தாங்காது. காலை எட்டரைக்குள் நாலு இட்லி இறங்காவிட்டால் வகுப்பில் பேச்சு வராது. என் மாணவர்களைக் கேட்டால் சொல்வார்கள். அதனால் உங்கள் ஏட்டய்யா வாங்கிவந்த பொங்கலைச் சாப்பிட்டுவிட்டே எழுத உட்கார்ந்தேன். வாக்குமூலத்தைத் தெலுங்கில் தானே எழுதிக்கொள்வதாக அவர் சொன்னார். வாக்கியத்துக்கு மூன்று பிழை விடுகிறவரிடம் என் அப்பாவின் சாவை ஒப்படைக்க மனம் வரவில்லை. நீங்கள் சித்தூர்க்காரர், தமிழ் வாசிப்பேன் என்றீர்கள். ஆகவே நானே எழுதுகிறேன், இன்ஸ்பெக்டர் சார்.

என் பெயர் திருமலை. திருப்பதியில் ஒரு கல்லூரியில் பதினெட்டு வருஷமாகத் தமிழ் விரிவுரையாளன். சொந்த ஊர் குடிபாலா பக்கம். அப்பா வீராசாமி, எழுபத்து நாலு வயது. அடுத்தவர் நிலத்தில் கூலிக்கு உழைத்து, பிறகு சர்க்கார் கொடுத்த ஒன்றரை ஏக்கரில் வேர்க்கடலை போட்டு, என்னை எம்.ஏ. வரை படிக்க வைத்தவர். தம்பி ரமணா குவைத்தில் டிரைவர். அவன் கொடுத்த புகாரினால்தான் இங்கே உட்கார்ந்திருக்கிறேன். வடக்கிருத்தல் என்றால் என்னவென்று அவனுக்குத் தெரியாது. உங்களுக்கும் தெரியாமல் இருக்கலாம், சொல்கிறேன்.

மானத்துக்கு ஊறு வந்தால் அந்தக் காலத்து மன்னர்கள் வடக்குப் பார்த்து உட்கார்ந்து, உணவை மறுத்து உயிர் துறப்பார்கள். இதை ஆண்டுதோறும் இரண்டு மணி நேரம் நடத்துகிறேன். மாணவர்கள் கண் கலங்குவார்கள். அதே மாணவர்கள், பக்கத்துத் தெருவில் ஒருவன் மனம் உடைந்து செத்தால் கோழை என்று சொல்லிவிட்டு டீ குடிக்கப் போவார்கள். நம் சமூகத்தின் லட்சணம் இது. ஏட்டில் செத்தால் வீரம், வீட்டில் செத்தால் கேஸ். சட்டமும் லேசுப்பட்டதல்ல. தற்கொலைக்கு முயல்வது குற்றமில்லை என்று தொண்ணூற்று நாலில் சொன்னார்கள். இரண்டே வருஷத்தில் குற்றம்தான் என்றார்கள். சாவைப் பற்றி ஒரு முடிவுக்கு வரத் தெரியாதவர்கள் என் அப்பாவின் முடிவைப் பற்றி என்னை விசாரிக்கிறார்கள்.

நடந்தது இதுதான். சென்ற ஆவணியில் புது வீட்டுக்குக் கிருகப்பிரவேசம் செய்தேன். மாடியில் வடக்குப் பார்த்த அறையை அப்பாவுக்கென்றே கட்டியிருந்தேன். ஜன்னலைத் திறந்தால் மலை தெரியும். அன்று முதல் பந்தியில் கல்லூரிக்காரர்கள். அப்பா முழங்காலுக்கு மேல் மடித்துக் கட்டிய வேட்டியோடு வந்து பிரின்சிபால் பக்கத்து நாற்காலியில் உட்கார்ந்துவிட்டார்.

"ஈயன எவரு?" என்று பிரின்சிபால் கேட்டார். இவர் யார் என்று.

"மா ஊரி மனிஷி சார்" என்றேன். எங்கள் ஊர் ஆள். இதில் பொய் ஒன்றும் இல்லையே. பிறகு அப்பாவிடம் குனிந்து, "அடுத்த பந்தியில மேஸ்திரிங்களோட உக்காரு" என்றேன். எல்லை ஊர்க்காரருக்குத் தெலுங்கு நன்றாகவே தெரியும் என்பது அந்த அவசரத்தில் எனக்குத் தோன்றவில்லை.

அவர் எழுந்து மாடிக்குப் போனார். மாலையில் யமுனா சாப்பாடு கொண்டுபோனாள். யமுனா என் மனைவி. நகரியில் தறிக்காரர் வீட்டுப் பெண், நல்லவள், யோசிக்கும் பழக்கம் இல்லாதவள். தட்டோடு திரும்பி வந்தாள்.

"மாமா வாணாங்கறாரு. அவன் எடுத்துக்கினு வரட்டும்ங்கறாரு. நீங்க போய் ஒரு வாட்டி கூப்புடுங்க, துன்னுடுவாரு."

எங்கள் ஜனங்களிடம் ஒரு வழக்கம். கோபித்துக்கொண்டு ஒருவர் சோறு வேண்டாம் என்றால், அவர் மனசை நோகடித்தவர்தான் தட்டை எடுத்துப்போய் எதிரில் உட்கார வேண்டும். மன்னிப்புக் கேட்பதெல்லாம் கிடையாது. முதல் கவளத்தை உருட்டிக் கையில் கொடுத்தால் தீர்ந்தது. படிக்காதவர்களின் ஏற்பாடு. தப்பு செய்தவன் யார் என்று தெருவுக்கே தெரிந்துவிடும்.

நான் போனேன். தட்டில்லாமல் போனேன். அவருடைய நாற்காலியை ஜன்னல் பக்கம் திருப்பிப் போட்டேன். அப்போதுதான் எனக்கு விளங்கியது, இது கூலிக்காரக் கிழவரின் வீம்பு அல்ல. பதினெட்டு வருஷம் வாயால் நடத்திய பாடம் என் வீட்டு மாடியில் நடக்கிறது. அதை ஒரு தட்டுச் சோற்றால் கெடுக்க நான் யார்?

மூன்றாம் நாள் யமுனா அழ ஆரம்பித்தாள். டாக்டரைக் கூப்பிடச் சொன்னாள். "நீ கெஞ்சிக்கினு இருந்தா அவரு வீம்பு எறங்காது. ஒரு பத்து நாள் நகரிக்குப் போய்ட்டு வா. தட்ட நானே எடுத்துக்கினு போறேன்" என்றேன். கண்ணைத் துடைத்துக்கொண்டு பஸ் ஏறினாள். அன்று மாலை குவைத்திலிருந்து ரமணா போன் செய்தான். "அண்ணா, நைனா எப்பிடி கீறாரு? போன அவருகிட்ட குடு" என்றான். தூங்குகிறார் என்றேன்.

பக்கத்து வீட்டு லட்சுமம்மா மாடிக்கு வந்து பார்த்தாள். பெருமாளை நினைத்து விரதம் இருக்கிறார் என்று நான் சொன்னதும், கன்னத்தில் போட்டுக்கொண்டு போய்த் தெரு முழுக்கச் சொன்னாள். நாலைந்து பேர் வந்து காலைத் தொட்டுக் கும்பிட்டார்கள். சாப்பிட்டாயா என்று கேட்க ஒரு நாதி இல்லை. பக்தி என்று வந்துவிட்டால் ஜனங்களுக்குக் கண் அவிந்துவிடும். அப்பா மலையைப் பார்க்கவே இல்லை. நாற்காலியை நான் திருப்பியிருந்தேன். அவர் கழுத்தைத் திருப்பிக் கதவையே பார்த்துக்கொண்டிருந்தார்.

ஐந்தாம் நாள் அவரைப் பற்றிய கட்டுரையை எழுதத் தொடங்கினேன். ஏழாம் நாள் முடித்தேன், அவருடைய முடிவு உட்பட. பதினாறாம் நாள் காரியத்தன்று கொடுத்த சிறு புத்தகம் அதுதான். அதைத் தபாலில் வாங்கிப் படித்துவிட்டுத்தான் ரமணா விமானம் ஏறினான். என் எழுத்திலேயே ஆகச் சிறந்தது அது. அந்தப் பக்கங்களில் அவர் மன்னர். நடுவில் எழுந்து சாப்பிட்டிருந்தால் யார்? பெற்ற மகனே ஊர் ஆள் என்று சொல்லிவிட்ட ஒரு கூலிக்காரர். அவருக்கு எது மரியாதை என்று நீங்களே சொல்லுங்கள்.

எட்டாம் நாள் பிற்பகல் என்னைக் கூப்பிட்டார். படி இறங்கும் தெம்பு போய்விட்டிருந்தது, குரலும் அரைக்குரல்.

"திருமல, பசிக்குதுடா. நீ ஒண்ணும் சொல்ல வாணாம். சோத்த மட்டும் எடுத்தா."

பேசியது உடம்பு, அவர் அல்ல என்று எடுத்துக்கொண்டேன். கட்டுரை அச்சகத்துக்குப் போய்விட்டிருந்தது. கதவை மெதுவாகச் சாத்தினேன். கீழே எனக்கென்று நானே வடித்த சோறு சூடாக இருந்தது. உட்கார்ந்து சாப்பிட்டேன். முதலிலேயே சொன்னேனே, எனக்குப் பசி தாங்காது. மறுநாள் காலை போய்ப் பார்த்தபோது அவர் உயிரோடு இல்லை.

நேற்று நீங்கள் ஒன்று கேட்டீர்கள். ஒரே ஒரு தடவை தட்டை எடுத்துப் போயிருந்தால் அவர் சாப்பிட்டிருப்பாரா, மாட்டாரா? உங்கள் கேள்விகளிலேயே உருப்படியானது அது ஒன்றுதான். அதற்கு மட்டும் நான் பதில் சொல்லவில்லை.

எனக்குப் பதினோரு வயதில், வாத்தியார் எதிரில் அப்பா என்னை அறைந்துவிட்டார். சோறு வேண்டாம் என்று போய் மோட்டார் கொட்டகையில் உட்கார்ந்துகொண்டேன். பொழுது சாய்வதற்குள் அவர் களியும் வேர்க்கடலைத் துவையலும் எடுத்துக்கொண்டு வந்தார். தட்டோடு அவர் நடந்து வந்ததை ஊரே பார்த்தது. எதிரில் உட்கார்ந்தார், ஒரு வார்த்தை பேசவில்லை, உருட்டிக் கையில் கொடுத்தார். நான் தின்றேன்.

ஆகவே உங்கள் கேள்விக்குப் பதில் எனக்குத் தெரியும். அன்றும் தெரியும். தட்டை எடுத்துப் போயிருந்தால் சாப்பிட்டிருப்பார். அதனால்தான் எடுத்துப் போகவில்லை.